அண்ணியின் நான்கு மாத்திரைகள்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்தே மழை. துணி காயவில்லை. அண்ணிக்குத் தனித் தட்டு, தனிக் கப். அடியில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி.

அண்ணி, என் கணவர் சுரேனின் அக்கா. கல்யாணம் ஆகாதவர். ஷா ஆலம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. போன வாரம் காசநோய் என்று தெரிந்தது. எம்.சி., மருத்துவ விடுப்பு. எங்கள் செந்தூல் ஃப்ளாட்டில் பின்னறை. தினம் நான்கு மாத்திரை. அவர் விழுங்குவதை நான் கிட்ட நின்று பார்த்து அட்டையில் டிக் போட வேண்டும். கிளினிக் உத்தரவு. கிட்டவாவது! வாசலோடு சரி. மாஸ்க் இரண்டு.

என் மகன் தேவ்வுக்கு ஒன்பது மாதம். டெஸ்டில் ஒன்றுமில்லை. ஆனாலும் தடுப்பு மருந்து. துப்புகிறான்.

கதவுக்குப் பின்னாலிருந்து: "கவி, குட்டி சாப்டானா?"

"சாப்டான். பேசாதீங்க அண்ணி, எச்சி தெறிக்கும்."

மார்ச் 12, புதன்

வாங்க வேண்டியது: மாஸ்க், டயப்பர், கிருமிநாசினி, கத்தரிக்காய்.

லிஃப்டில் கீழ்வீட்டு ஆன்டி: "உங்க வீட்ல யாருக்கோ டிபியாம்லா?"

"சாதா இருமல் ஆன்டி."

மூச்சைப் பிடித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

மார்ச் 18, செவ்வாய்

கிளினிக். மூன்று மணி நேரம். டாக்டர் ஆங்கிலத்தில் மடமடவென்று: சளியில் கிருமி இல்லை, இனி பரவாது, குழந்தையைத் தூக்கலாம், ஆறு மாதம் மாத்திரையை மட்டும் விடக்கூடாது. அண்ணிக்கு ஆங்கிலம் தெரியாது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"இன்னும் ரெண்டு மாசம் புள்ளகிட்ட வரக்கூடாதாம்."

காரில் ஏறியதும்: "பாதத்த மட்டும் தொட்டுக்கட்டுமா?"

"கூடாது."

டாக்டருக்கு என்ன, அவர் பிள்ளையா?

இங்கேயாவது எழுதுகிறேன். முன்பு தேவ் என் இடுப்பிலிருந்து அண்ணியிடம்தான் தாவுவான். இந்த மூன்று வாரமாக என்னிடம் மட்டும்.

மார்ச் 21, வெள்ளி

சுரேனிடமும் அதே பொய். "பாவம்லா அக்கா. நீ ரொம்பப் பொறுமை கவி" என்றார். கேட்க நன்றாக இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

துவைக்க எடுத்த தலையணை உறைக்குள் டிஷ்யூ உருண்டை. பிரித்தால் மாத்திரை. முப்பத்தாறு. ஒன்பது நாள். ஒன்பதுக்கும் என் டிக்.

"என்ன அண்ணி இது?"

"முழுங்கி என்னா ஆச்சு? அப்பவும் ரெண்டு மாசம்னுட்ட. வயித்தப் பொரட்டுது கவி. புள்ளையத் தூக்க முடியாட்டி எனக்கு எதுக்கு இது?"

பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காது. இந்த வீட்டுக்குள்ளேயே. சொல்ல வேண்டியது ஒரே வரி: அன்னிக்கே தூக்கலாம்னாரு அண்ணி. வாய் வரை வந்தது. சுரேனுக்குத் தெரிந்துவிடும்.

"நாளைக்கு முழுங்கலன்னா பந்திங்ல உங்க சித்தி வீட்ல விட்டுடுவேன். புள்ளையக் கண்ணால கூடப் பாக்க முடியாது" என்றேன்.

அண்ணி அழவில்லை. மாத்திரைகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார்.

கிளினிக்குக்கு ஃபோன் செய்யவில்லை. அட்டையைத் திருத்தவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நல்ல வெயில். இன்று உள்ளேயே போய்விட்டேன், டார்ச்சோடு.

"ஆ காட்டுங்க. நாக்கத் தூக்குங்க."

தூக்கினார். கன்னத்தின் உள்பக்கம் வரை பார்த்தேன். ஒன்றுமில்லை. ஹாலில் வாக்கரிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த தேவ்வும் 'ஆ' என்று வாயைத் திறந்தான். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க தங்கம், நாக்கக் காட்டு" என்று கையை நீட்டினார்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.