இலையில் ஒரு முட்டை பப்ஸ்

வெள்ளி, இரவு.

மாமியாருக்கு இன்று முப்பதாம் நாள் படையல். அவருக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும் என்று காலையில் ஊரில் கூடி யோசித்தோம். என் கணவர் வடகறி என்றார். கொழுந்தன் நெத்திலிக் குழம்பு என்றார். இரண்டுமே பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று மாமியார் சமைத்தவை.

"அவளுக்கு இன்னா புடிக்கும்? மிச்சம் கீறத துன்னுவா," என்றார் மாமனார்.

பன்னிரண்டு வருட மருமகள், எனக்கும் தெரியவில்லை. என் மேல் எனக்கே எரிச்சல். நடவு, மாடு, அடுப்பு என்று அலைந்தவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஆயாவுக்கு முட்டை பப்ஸ்தான் புடிக்கும். யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லிச்சு," என்றாள் என் மகள். கேளம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது அவர்தான். வழியில் பேக்கரியில் ஆளுக்கு ஒன்றாம்.

கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் போய் வாங்கி வந்தார்.

கற்பூரம் ஏற்றும்போது மகள் கத்தினாள். "இரு தாத்தா! ஆயா சாஸ் இல்லாம சாப்பிடாது."

மாமனார் தீப்பெட்டியைக் கீழே வைத்தார். பப்ஸோடு வந்த சாஸ் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தார். படையல் எச்சிலாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. பப்ஸின் மேல் பிழிந்துவிட்டு, படத்தைப் பார்த்துக் கேட்டார்.

"போதுமாடி?"