நாப்பதுக்கு நாப்பது

டிசம்பர் 15, திங்கள்

இன்றைக்கும் எரிந்தது. திண்டிவனம் சிக்னலில் நின்றபோது ஆயில் லைட்டு சிவப்பாக இரண்டு முறை மின்னிவிட்டு, வண்டி நகர்ந்ததும் அணைந்துவிட்டது. வேன் நிறையப் பெண்கள், ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் தூக்கத்தில். முன்சீட்டு அம்சா மட்டும் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வண்டி உன்னப் பாத்து கண்ணடிக்குது" என்றாள். சிரித்து வைத்தேன்.

வேன் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஆயில் பிரஷர் இல்லாமல் எஞ்சின் இறுகி, நாலு வழிச் சாலையில் சட்டென்று நின்றால்? பின்னால் வருகிற லாரிக்காரன் பிரேக் போடுவானா?

டிசம்பர் 17, புதன்

ஆயில் அளக்கிற குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஆயில் குறையவே இல்லை. அப்புறம் ஏன்?

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "பழைய எஞ்சினு. தேஞ்சிருக்கும். ஆயிலு தண்ணியாட்டம் ஓடிடுது. கெட்டியா ஊத்தினா சரியாப்பூடும்" என்றார். சொல்கிறவருக்கு லைசென்ஸே கிடையாது. ஆனால் எங்கள் கிணற்று டீசல் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற கை. முழுசாக ஒதுக்கவும் முடியவில்லை.

டிசம்பர் 20, சனி

மாற்றியே விட்டார். கிணற்று எஞ்சினுக்கு வாங்கி வைத்திருந்த நாப்பது நம்பர் ஆயில். சரிப்படுமா என்று கேட்டதற்கு வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"இதுல இன்னா போட்டுக்குது? பதினஞ்சு டபிள்யூ நாப்பது. கேன்ல இன்னா போட்டுக்குது? நாப்பது. நாப்பதுக்கு நாப்பது. இன்னும் இன்னா பேஜாரு உனக்கு?"

அந்தப் பதினஞ்சு எங்கே போச்சு என்று கேட்க வாய் வந்தது. துரைக்கண்ணு என்கிற மகா எஞ்சினியரிடம் யார் கேட்பது?

டிசம்பர் 22, திங்கள்

லைட்டு எரியவில்லை. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. மயிலம் முருகனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு. வீட்டில் ஒருத்தருக்குப் பெருமை தாங்கவில்லை.

டிசம்பர் 27, சனி

நல்ல பனி. விடியற்காலையில் ஸ்டார்ட் செய்ததும் உள்ளே கடகடவென்று சத்தம், தகர டப்பாவில் தோலுரிக்காத மல்லாட்டையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. முன்பெல்லாம் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் லைட்டு அணைந்துவிடும். இன்று அணைய மனசில்லாமல் நின்றது. சூடு ஏறியதும் சத்தமும் போய்விட்டது.

அவரை எழுப்பினேன். "குளுருல மனுசனே எந்திரிக்க மாட்டேன்றான், அது மட்டும் எந்திரிக்குமா?" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

டிசம்பர் 29, திங்கள்

இன்றும் அதே சத்தம்.

டிசம்பர் 31, புதன்

லைட்டையே பார்த்துக்கினு ஓட்டி, பைக்கில் போனவனை உரசப் பார்த்தேன். "அக்கா, ரோட்டப் பாரு!" என்று அம்சா கத்திய பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அவளுக்கு ரெண்டும் சின்னப் புள்ளைங்க. ஏதாவது ஆச்சுன்னா அதுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? பயமா இருக்கு. சும்மா இல்ல, நெஜமாவே பயமா இருக்கு.

ஜனவரி 3, சனி

அவரிடம் சொல்லாமல் திண்டிவனத்தில் மெக்கானிக் சீனுவாசனிடம் போனேன். என்ன ஆயில் என்றார். நாப்பது என்றேன்.

"எந்த நாப்பது? முன்னால பதினஞ்சு இருக்குதா, வெறும் நாப்பதா?"

வெறும் நாப்பதுதான்.

"மொத நம்பரு, குளுந்து கெடக்கிறப்ப எவ்ளோ ஜல்தியா ஓடும்னு. ரெண்டாவது, சூட்டுல எவ்ளோ கெட்டியா நிக்கும்னு. வெறும் நாப்பது காலையில மெதுவாத்தான் மேல ஏறும்க்கா. தேஞ்ச எஞ்சினுக்கு அந்த நேரந்தான் ஆபத்து. கெணத்து எஞ்சினு வேற, ஒரே வேகத்துல ஓடறது."

சரியான ஆயிலை ஊற்றினால் சிக்னலில் லைட்டு மறுபடி எரியலாம் என்றார். இன்னும் கெட்டியாக, இருபது ஐம்பது ஊற்றினால் எரியாமலும் போகலாம். ஆனால் உள்ளே தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆயில் பிரஷர் மீட்டர் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமாம்.

தெரிந்துவிட்டால் ஓட்ட முடியாது. இருபது ஐம்பதை ஊற்றிக்கொண்டு பேசாமல் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். பொய் சொல்ல முடியாது, நின்றேன். அப்புறம், "பதினஞ்சு நாப்பதே ஊத்தி மீட்டர் போடுங்கண்ணே" என்றேன்.

எஞ்சின் சூடானதும் முள் சரிந்துகொண்டே போனது. "பிரிச்சுத்தான் பாக்கணும். அதுவரைக்கும் ஆள ஏத்தாதக்கா."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

ஜனவரி 4, ஞாயிறு

"நல்லா ஓடிக்கினு இருந்த வண்டிய நிறுத்திட்டு வந்துக்கிறியே!" என்று சொல்லிவிட்டு அவர் கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

இப்போது புதுப் பயம். பிரித்துப் பார்த்து ஒன்றுமே இல்லையென்றால்?

ஜனவரி 8, வியாழன்

பெண்கள் ரெண்டு பஸ் மாறிப் போகிறார்கள். அவர்களில் வீரம்மாளுக்கு லேட்டானதில் கம்பெனியில் திட்டு விழுந்ததாம். அம்சா என் போனை எடுப்பதில்லை.

ஜனவரி 10, சனி

இன்று பிரித்தார்கள். அவரும், "சும்மா வர்றேன்" என்று கூடவே வந்தார்.

எஞ்சினுக்கு அடியிலிருந்து பேரிங்குகளைக் கழற்றி வைத்தார் சீனுவாசன். வளைந்த தகடுகள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் தேய்ந்து செம்பு தெரிந்தது. ஒன்று ஓரத்தில் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. "இன்னும் எத்தினி நாள் ஓடியிருக்கும்?" என்று கேட்டேன். "அத என்னக் கேக்காதக்கா" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்காரர் அந்த உரிந்த தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அந்தத் தகடுகளுக்குள் சுழல்கிற கிராங்குத் தண்டைச் சாக்கில் சுற்றி, கடைசல் வேலைக்காக அவரே தூக்கிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினார். தகடு சட்டைப் பையில்.

பொழுது சாய்கிற நேரத்தில் அம்சாவே போன் செய்தாள்.

"அக்கா, துரைக்கண்ணு அண்ணன் எங்க ஊட்டுக்கு வந்துச்சு. வீரம்மா ஊட்டுக்கும் போச்சாம். ஒரு தகட்டக் காட்டி, 'எங்க ஊட்டுல அது சொல்லிக்கினேதான் இருந்துச்சு, நான்தான் கேக்கல'ன்னு சொல்லிச்சுக்கா." அப்புறம் அவளே கேட்டாள்: "வண்டி எப்பக்கா வரும்? நாங்க வேற வண்டி பாக்கல."

வரும்டி என்றேன். போனை வைத்துவிட்டு வாசல் லைட்டைப் போட்டேன், அவர் வருகிற நேரம்.