இருவரும் இருக்கும் ஒரே படம்

நவம்பர் 14, வெள்ளி

சுதனை என் துணையாக ஸ்பொன்சர் செய்து கனடாவில் வதிவிட உரிமை எடுப்பதென்றால், கலியாணம் கட்டாமலே ஒன்றாக வாழ்கிறோம் என்று காட்டப் படங்கள் வேண்டும். ஒன்றரை வருடமாக ஸ்காபரோவில் இந்த ஓர் அறை அப்பார்ட்மென்டில்தான் இருக்கிறோம். ஆனால் அம்மாவின் கண்ணில் பட்டுவிடும் என்ற பயத்தில் சேர்ந்து ஒரு படமும் எடுத்ததில்லை. அவன் என்னை எடுப்பான், நான் அவனை எடுப்பேன். வீட்டுக்கு ஒருவரையும் கூப்பிட்டதும் இல்லை.

இன்று பின்னேரம் என் பழைய போனில் ஒரு படம் கிடைத்தது. சோபாவில் நாங்கள் இருவரும் தூங்குகிறோம்.

"உந்தப் படத்தை எப்ப எடுத்தனீ?" என்றேன்.

"நீ எடுத்ததெண்டெல்லோ நினைச்சன்," என்றான் சுதன்.

படத்தில் எங்கள் நான்கு கைகளும் தெரிகின்றன. பின்னால் வாசல் கதவு. அம்மா திடீரென்று வந்துவிட்டால் என்று எப்போதும் போட்டுவைக்கும் உள்சங்கிலி, அதில் போட்டபடியே இருக்கிறது.

சுதன் எழுந்துபோய்ச் சங்கிலியை இழுத்துப் பார்த்தான். பிறகு, "உந்தப் படத்தையே வைப்பம். வேற ஒண்டும் இல்லைத்தானே," என்றான்.

ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவரின் பெயரை எழுதச் சொல்லியிருந்தார் எங்கள் விண்ணப்பத்தைச் செய்யும் லோயர். இதற்கு மட்டும் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

இன்றைக்குச் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் படுக்கப்போகிறேன். எங்களோடு உள்ளே இருப்பவர் போக விரும்பினால் போகட்டும்.