உன் மாமனுக்கு நீ அனுப்பின லைட்டு

உ
சோமனூர் வழி,
1958, கார்த்திகை 15

அம்மணி கனகத்துக்கு அப்பன் திருமலைசாமி எழுதறது. இங்க நானு, உங்கம்மா, செவல மாடு, அதுக்குப் பொறந்த கெடாரி நாலு உசுரும் நல்லா இருக்கறோம். டாட்டாநகருல நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியந்தான்னு ரெண்டு வரி போடு, மனசு ஆறும். மாப்பிள்ளை ராத்திரி வேலைக்குப் போறாருன்னு எழுதியிருந்தே, காதுல துண்டக் கட்டிட்டுப் போகச் சொல்லு. பருத்தி இந்த வருசம் பரவால்ல. மழை கூப்புட்டப்ப வராம வேண்டாங்கறப்ப வந்து நின்னுச்சு, உங்கம்மாவாட்ட. இதப் படிச்சுட்டு அவளுக்கு எழுதிப்போடாதே.

இப்ப விசயத்துக்கு வாரேன். போன மாசம் சைக்கிளுக்கு ஒரு டைனமோ லைட்டு அனுப்பினயே, பார்சல் ஒடையாம வந்து சேந்துது. ஆனா மேல பேரத்தான் தப்பா எழுதிப்போட்டே, திருமலைசாமிக்குப் பதிலா அரங்கசாமின்னு இருந்துச்சு. பெத்த அப்பன் குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப அம்மாகூடப் பொறந்தவனுக்கு யாராச்சும் லைட்டு அனுப்புவாங்களா கண்ணு. உன் காயிதத்தையும் உன் மாமன் கொண்டாந்து எங்கிட்டயே படிச்சுக் காட்டறான். லைட்டில்லாமப் போயி போலீசுக்காரரு டயருல காத்தப் புடுங்கிவுட்டு ஆறு மைலு உருட்டிட்டு வந்தீங்களாமா, அப்பாகிட்டத்தான் கேஸ் லைட்டு இருக்குதே, அதனால இது உங்களுக்குங்க மாமான்னு எழுதியிருந்தே. ஞாயந்தான். ஞாயமா இருந்தா வயிறு எரியக்கூடாதுன்னு சட்டமா இருக்குது.

எங்கேஸ் லைட்டு கதை உனக்குத் தெரியும். சந்தை முடிஞ்சு பொழுதெறங்கிப் போச்சுன்னா நம்மூரு சனம் அத்தனையும் ரயில் கேட்டுகிட்ட எனக்காகக் காத்துட்டு நிக்கும். நானு கார்பைடு கல்லுப் போட்டு, அதுமேல தண்ணி சொட்டவுட்டு, நெருப்புக் குச்சி கிழிச்சு வெச்சாத்தான் ஊரே நடக்கும். அந்த லைட்டு மாட்டின சைக்கிள உருட்டிட்டு நானு முன்னால, பின்னால முப்பது பேரு, கோழிக்கூடையும் அரிசி மூட்டையுமா. இருவது வருசமா அப்படித்தான். அந்தக் கேஸ் பூண்டு நாத்தமடிக்குதுன்னு உங்கம்மா மூக்கப் பொத்துவா, ஆனா நடக்கறதென்னமோ எனக்கு நேர் பின்னாலதான். அப்படிப் போயிட்டிருக்கறப்ப ஒரு சந்தையன்னிக்கு உன் மாமன் நீ அனுப்பின லைட்டப் போட்டுட்டு எங்களத் தாண்டி சர்ருன்னு போறான் பாரு, தடமெல்லாம் சுண்ணாம்படிச்சாப்பல வெள்ளையா ஆயிப்போச்சு. சனமெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குது. உங்கம்மா, எந்தம்பி லைட்டு நெலாவாட்டம் இருக்குதுங்கன்னா. ஊடு சேர்றதுக்குள்ள மூணு வாட்டி சொன்னா, நானு எண்ணிட்டே வந்தேன். இருவது வருசமா நானு புடிச்ச வெளிச்சத்துக்கு ஒரு நாளு ஒரு வார்த்தை இல்ல. அன்னிக்கு எனக்குச் சோறே எறங்கல, நாலு உருண்டைக் களியோட எந்திரிச்சுட்டேன்.

விடிஞ்சதும் கோயமுத்தூருக்கு மிதிச்சேன், கோட்டைமேட்டுல அப்துல் வஹீது பாய் சைக்கிள் கடைக்கு. பாய் நல்ல மனுசன், எல்லாத்தையும் எடுத்து முன்னால பரப்பி ஒவ்வொண்ணாச் சொன்னாரு. பேட்டரி லைட்டு நெனச்சப்ப எரியுமுங்க, ஆனா செல்லு தீந்துதுன்னா நடுத்தடத்துல வுட்டுரும்னாரு. மண்ணெண்ணெய் லைட்டு குழில எறங்கினா அணைஞ்சு போகும்னாரு. டைனமோ டயரோட ஒரசி ஓடறதுங்க, மிதிச்சாத்தான் எரியும், நீங்க அதிகமா மிதிப்பீங்களா உருட்டுவீங்களான்னு கேட்டாரு. அதுக்கு மட்டும் நானு பதில் சொல்லியிருந்தேன்னா இந்தக் காயிதத்துக்கே வேலையில்ல. அரங்கசாமி லைட்டு இத்தாசோடு இருக்குமுங்க பாய், அத விடப் பெருசு எதோ அதக் குடுங்கன்னு கையில அளவு காட்டினேன். பாய் சிரிச்சுட்டு கொடத்து மூடியாட்டம் பெரிய டைனமோ லைட்டு ஒண்ண மாட்டிவுட்டாரு. இனி இந்த நாத்தம் புடிச்சது எதுக்குன்னு கேஸ் லைட்டக் கழட்டி அங்கயே தள்ளிப்போட்டு வந்துட்டேன்.

அடுத்த சந்தை. சனமெல்லாம் ரயில் கேட்டுல நிக்குது, நானு எந்தலைப்பாவச் சரிபண்ணிட்டு சைக்கிள உருட்டறேன். வெளிச்சம் வந்துச்சு, பீடிக் கங்கு அளவுக்கு. கோழிக்கூடையோட நின்ன மாசாணியம்மா, ஏனுங்க, லைட்டு இன்னும் தூங்குதுங்களான்னு கேட்டுப்போட்டா. ரோசம் வந்து ஏறி மிதிச்சேன். நல்லாத்தான் எரிஞ்சுது, ஆனா நானு ஒரு பர்லாங்கு முன்னால போயிட்டேன், சனம் பின்னால கும்மிருட்டுல. திரும்பி வந்தா கண்ணு கூசுதுன்னு கத்தறாங்க. மறுக்கா போனேன், மறுக்கா வந்தேன், செக்கு மாடாட்ட சுத்திச் சுத்தி வெளிச்சம் காட்டினேன். அப்படி ஒரு வாட்டி அக்கட்டப் போயிருந்தப்பத்தான் உங்கம்மா வண்டித் தடத்துப் பள்ளத்துல காலு வெச்சுப் பெரண்டு உழுந்துட்டா. வெசனப்படாதே, எலும்புக்கு ஒண்ணுமில்ல, வேப்பெண்ண போட்டு நீவி இப்ப நல்லா நடக்கறா. ஆனா அன்னிக்கு அவ இருட்டுல உக்காந்து, ஏனுங்க, எங்க இருக்கறீங்கன்னு கூப்புட்டது இன்னும் காதுல கேக்குது.

அந்நேரம் பின்னால பூண்டு நாத்தம். திரும்பினா ஆடாம அசையாம ஒரு வெளிச்சம் நடந்து வருது. எங்கேஸ் லைட்டு, உருட்டிட்டு வாறவன் அரங்கசாமி. பாய் கடையில கேப்பாரில்லாமக் கெடந்துச்சுங்க மச்சான், மனசு கேக்கல, வாங்கிட்டு வந்துட்டேன்னான். உங்கம்மாளக் கேரியர்ல உக்கார வெச்சு நாங்க ரெண்டு பேருமா உருட்டினோம், சனம் பின்னால வந்துச்சு. கொஞ்ச தூரம் போயி மெதுவாச் சொல்றான், "டைனமோவுல ஒத்தையிலதானுங்க போறேன் மச்சான். எம்பின்னால ஒரு நாயிகூட வருலீங்க." அடப்பாவி, இருவது வருசமா அவனுக்கு எம்மேல வயித்தெரிச்சல் இருந்துருக்குது. எனக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சு, தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் நிமுந்து நடந்திருப்பேன்.

ஊடு வந்ததும் கேஸ் லைட்டத் திருப்பிக் குடுறான்னேன். சரிங்க மச்சான், ஆனா ரெண்டுல ஒண்ணுதான் தருவேன், கேஸ் லைட்டு வேணுமா, கனகம் அனுப்பினது வேணுமான்னான். முப்பது பேரு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். சித்த நேரம் உக்காந்து ரோசன பண்ணினேன், பொய் சொல்லல. அப்புறம் உன் லைட்ட எடுத்து மாட்டிட்டு, நானு வாங்கின கொடத்து மூடிய அவங்கிட்டக் குடுத்துட்டேன்.

இப்பெல்லாம் சந்தை முடிஞ்சா அவன் முன்னால போறான், நானு கடைசில உருட்டிட்டு வாறேன், உன் லைட்டு எரியாமக் கூட வருது. போன வாரம் திரும்பிப் பாத்தா உங்கம்மாளும் எங்கூடவே வாறா. முன்னால வெளிச்சத்துல நடக்கலாமல்லன்னு கேட்டேன். அங்க பூண்டு நாத்தமுங்கன்னா.

பேத்திக்கு எங்க ரெண்டு பேரு முத்தமும் குடு. அவிநாசியப்பன் உங்க மூணு பேத்தையும் நோவு நொடியில்லாம வெச்சிருக்கட்டும். தையில லீவு கெடைச்சா வாங்க, மாப்பிள்ளைய ரயில் கேட்டுலருந்து நானே கூட்டிட்டு வாறேன், மிதிச்சுட்டு. ஒண்ணு மறந்துராதே அம்மணி, உன் மாமங்கிட்ட இப்ப ரெண்டு லைட்டு, எங்கிட்ட ஒண்ணுதான். இனிமே பார்சல் அனுப்பினா மேல யாரு பேர எழுதறதுன்னு கீழ பாத்து எழுது.

உன் லைட்டுக்குச் சொந்தக்காரன்,
அப்பன் திருமலைசாமி