நீ விட்டுவிட்டதாகச் சொன்ன தேங்காய்

ஏட்டி,

இன்றைக்குக் காலையில் நம் தையல் காரகானாவில் கடலைமிட்டாய்ச் சிக்கி டப்பா சுற்றி வந்தது. பட்டன் வைக்கிற பெண் லோணாவளா போய்விட்டு வாங்கி வந்திருக்கிறாள். மூடியைத் திறந்ததும் வறுத்த வேர்க்கடலை வாசம் மெஷின் எண்ணெய் வாசத்தையே அமுக்கிவிட்டது. என் கைக்கு வந்த டப்பாவைப் பழக்கதோஷத்தில் இடது பக்கம் நீட்டினேன். உன் மெஷினில் இப்போது பிகார்க்காரர் ஒருவர் காலர் தைக்கிறார். அவர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, நீங்கள் எடுக்கவில்லையா என்று இந்தியில் கேட்டார். எனக்கு ஆகாது என்றேன். ஏன் ஆகாது என்று கேட்கிறவர்களுக்கு எட்டு வருஷமாக நீதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் சயான் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவிடம் என்னை இழுத்துக்கொண்டு போனதும் நீதான். இடுப்புக்குக் கீழே கொப்புளம், எரிச்சல்; மெஷினில் உட்கார முடியாது. உடம்புச் சூடு என்று நான் மோரும் வெந்தயமுமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு "ஹெர்பிஸ்" என்றார். என் காதில் விழுந்தது "ஹர் பீஸ்". பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவள் காதில் வேறென்ன விழும். ஒவ்வொரு பீஸுக்கும் என்ன கூலி என்று கேட்கிறாராக்கும் என்று, "காலருக்கு ரெண்டு ரூவா" என்றேன். அவர் முழித்தார். நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாய்.

"ஏட்டி, அவிய கூலி கேக்கல. ஒன் சீக்குக்குப் பேரு சொல்லுதாவ."

அன்றிலிருந்து நமக்குள் அதுதான் பெயர். "ஹர் பீஸ் வந்திருக்கு" என்று காரகானாவில் சத்தமாகவே சொல்லுவேன், ஒருத்தருக்கும் புரியாது. நீ உன் குஷனை என் பக்கம் தள்ளிவிடுவாய்.

சாப்பாட்டால் போகுமா என்று நீ கேட்டாய். போகாது, வரும்போது மாத்திரைதான் என்றார் டாக்டரம்மா. தேங்காயும் கடலையும் தின்றால் கூடுகிறது என்று சிலர் சொல்கிறார்கள், உறுதியாகச் சொல்ல முடியாது, விட்டுப் பார்ப்பதில் கெடுதல் இல்லை என்றார். நைன்டி ஃபீட் ரோட்டில் நடந்து வரும்போது நீ நின்றுவிட்டாய்.

"தேங்காய விட்டா நம்மூருக்காரிக்கு என்னட்டி மிச்சம்? சரி, விடு. ஒனக்காவ நானும் விடுதேன்."

விட்டோம். தக்காளிச் சட்னி, தயிர், மீன், முட்டை என்று என் டிபன் பாக்ஸ் மாறியது. சுவரிலிருந்த காலண்டரில் ஹர் பீஸ் வந்த நாளை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டேன். தேங்காயை விட்ட பிறகு வட்டம் குறைந்தது உண்மை. ஆனால் தீபாவளி ஆர்டருக்காக முதலாளி சேட்டு விரட்ட, தூக்கம் கெட்டுத் தைத்த வாரங்களில் தேங்காயே தொடாமலும் வந்தது. "தேங்காய விட்டாச்சு, சேட்ட எப்படி விட?" என்று நீ சிரித்தாய். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்காரர் ஒருநாள் ஒத்துக்கொண்டார், கல்யாணத்துக்கு முன்னாலேயே தனக்கு இருந்தது என்று. ஒத்துக்கொண்ட கையோடு, யாருக்கும் தெரியக் கூடாது, முக்கியமாகத் தன் அம்மாவுக்கு, என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். தெரிந்தால் ஊர் யார் பெயரைச் சொல்லும் என்று எனக்குத் தெரியாதா. பொம்பளை பெயரைத்தான். உன்னிடம் சொன்னபோது நீ நறுக்கென்று நூலைக் கடித்தாய். "கொண்டாந்தது அவரு, வந்தது ஒனக்கு, மறைக்கது நானா?" என்றாய். ஆனாலும் மறைத்தாய். கோயில் பிரசாதத்தில் தேங்காய்ச் சில்லை நான் ஒதுக்கியதை என் மாமியார் முறைத்தபோது, "அம்மனுக்கு நேர்ந்திருக்கா, தேங்கா தொட மாட்டா" என்று வாய் கூசாமல் சொன்னாய். அம்மன் கோவித்தால் உன்னிடம் கேட்கட்டும் என்றும் சொன்னாய். பாவம், அவளும் கேட்டதாகத் தெரியவில்லை. நீ போனது மஞ்சள் காமாலையில்.

பதினாறாம் நாள் உன் வீட்டில் பந்தி. உன் படத்துக்கு முன்னால் படையலில் பெரிய கிண்ணம் நிறையச் சொதி. தேங்காயைப் பிழிந்து பிழிந்து பால் எடுத்து வைத்த சொதி. "அம்மாவுக்கு இதுன்னா உசுரு. ஞாயித்துக்கிழம தவறாம வைக்கும்" என்றாள் உன் மகள்.

அடி கள்ளி. எட்டு வருஷம் என் முன்னால் வெறும் தக்காளிச் சட்னியைத் தொட்டுத் தின்றாயே. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தச் சமயம் பார்த்து உன் நாத்தனார் என் இலைக்கு மேலே கரண்டியைக் கொண்டு வந்தார். கையால் இலையை மறைத்தேன்.

"போனவளுக்குப் பிடிச்சது. வேண்டாம்னு சொல்லக் கூடாது."

"வேண்டாம் மைனி."

"ஏன்? அப்படி என்ன?"

பந்தியே என்னைப் பார்த்தது. என் மாமியார் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் வாசலில் நின்றார். நேர்த்திக்கடன் என்று சொல்ல நீ இல்லை. உன் படத்தைப் பார்த்துக்கொண்டு உன் பொய்யை நானே சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வாய் வரவில்லை. அது உன்னுடைய பொய்.

"எனக்கு ஹெர்பிஸ் இருக்கு. தேங்காயால எனக்குக் கூடுதுன்னு தோணுது, அதனால விட்டுட்டேன். நேர்த்திக்கடன் ஒண்ணும் கெடையாது."

அப்படின்னா என்ன என்று யாரோ கேட்டார்கள். சொன்னேன், எங்கே வரும் என்பது உட்பட. "அது எப்படி ஒனக்கு வந்துச்சு?" என்று மாமியார் கேட்டார். அந்தக் குரல் எனக்குப் புதிதல்ல.

"ஒங்க மகன் அந்தா நிக்காரு. அவருகிட்டக் கேளுங்க."

அவர் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமியார் இலையை மடித்தார். "எந்திரி, வீட்டுக்குப் போவலாம்" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. நான் ஏன் எழுந்திருக்க வேண்டும். உன் சாப்பாடு அது. ரசம் ஊற்றுங்கள் என்றேன். பிறகு உன் மகள் நாத்தனாரை விலக்கிக்கொண்டு வாளியோடு வந்தாள். குனிந்து ஊற்றும்போது என் காதில் மட்டும் விழுகிற மாதிரி, "ஹர் பீஸா அத்தை?" என்றாள்.

அவளிடம் சொல்லியிருக்கிறாய். அதையும் எனக்குச் சொல்லவில்லை. நான் சோற்றில் குழி பறித்து, ரசத்தை வாங்கிச் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தேன்.