பூரணி இல்லாத பத்துப் பேர்

திருகோணமலை,
03.10.1974

என் அன்பு மகள் பூரணிக்கு,

மூதூருக்கு லோஞ்ச் படகு ஓட்டுகிற உன் அப்பா எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் சுகம். நாவலப்பிட்டிக் குளிரில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும் என்று பத்திரகாளி அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

நேற்று உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு மூன்று பக்கம், எனக்கு ஒரு வரி. அதுவும் நேரே எனக்கில்லை. "எங்கட ஹொக்கி டீம் என்ன பாடு எண்டு அப்பாவிட்டக் கேட்டு எழுதுங்கோ" என்று அம்மாவுக்குத்தான் எழுதியிருந்தாய். வைகாசியில் கலியாணம் முடிந்து போனவள், இத்தனை நாளில் என் பெயரை எடுத்தது இதுதான் முதல் தரம். அம்மா கடிதத்தை என் கையில் தந்து, "கேட்டது உங்களை, நீங்களே எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டா. அந்த ஒரு வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று அவவைக் கேட்டால் சொல்லுவா.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வென்றுவிட்டார்கள், பிள்ளை! போன சனிக்கிழமை முற்றவெளித் திடலில் மட்டக்களப்புப் பெட்டைப் பிள்ளைகளை இரண்டுக்கு ஒன்று என்று அடித்து, கொழும்புப் போட்டிக்கு எடுபட்டுவிட்டார்கள். அப்பாடா! இதை எழுதும்போதே நெஞ்சுப் பாரம் இறங்குகிறது.

நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ போன பிறகு முதல் போட்டியில் ஐந்து கோல் வாங்கினார்கள், அடுத்ததில் மூன்று. திருப்பி ஒன்றுகூடப் போடவில்லை. ஊரில் எல்லாருக்கும் குற்றவாளி, அவசரப்பட்டு உனக்குக் கலியாணம் செய்து வைத்த நான்தான். கடைக்காரன் என்றால் கடையைப் பூட்டிவிட்டுப் போகலாம். லோஞ்ச் ஓட்டுகிறவன் எங்கே போக? மூதூர் போய்ச் சேரும்வரை சனம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால்தானே. ஹொக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கிறது என்று தெரியாத மீன் வியாபாரிகூட, டீமைக் குழப்பிப்போட்டீங்களே அண்ணன் என்றான். உன்னோடு விளையாடிய லைலாவின் உம்மா மைமூனா இருக்கிறாவே, அவ வாய் மூடவே இல்லை. "ஒரு ஆறு மாசம் பொறுக்க ஏலாமப் போச்சா உங்களுக்கு? எங்கட புள்ள ஒவ்வொரு மெச்சுக்கும் அழுதுட்டு வருது" என்று இறங்குதுறை வரை ஏசிக்கொண்டு வந்தா. நான் சுக்கானைப் பிடித்தபடி கடலைப் பார்த்து ஓட்டினேன். அவ சொன்னதில் என்ன பிழை? போட்டி முடியட்டும் அப்பா, ஆறு மாதம் பொறுங்கோ என்று நீயும்தான் கேட்டாய். மட்டையும் பந்துமோ சோறு போடும் என்று சத்தம் போட்டவன் நான்.

ஏன் தோற்றார்கள் என்பதை உங்களுக்கு ஹொக்கி பழக்கிய புஷ்பவதி டீச்சரே ஒருநாள் லோஞ்சில் வரும்போது சொன்னா. உன் இடத்தில் உயரமான ஒரு பிள்ளையைப் போட்டு, உன் நம்பர் சட்டையையும் கொடுத்து, மற்றவர்களை முன்பு போலவே விளையாடச் சொல்லியிருக்கிறா. அவர்களும் பந்து கிடைத்ததும் உன் இடத்துக்கு அடித்துவிட்டு, இனிக் கோல்தான் என்று நின்று பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பாவம், நாலு பேர் சுற்றி வளைத்தால் என்ன செய்யும்? பிழை தன்னுடையதுதான் என்று டீச்சர் ஒத்துக்கொண்டா. ஒரு ஆளாவது பழியை என் தலையில் போடவில்லையே என்று, அன்றைக்கு அவவிடம் லோஞ்சுக் காசு வாங்கவில்லை.

மூன்றாம் போட்டிக்கு முதல் நாள் அந்தப் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்பளம் போட்டுவிட்டது. வேறு ஆள் தேட நேரமில்லை. பத்துப் பேரோடு இறங்கினார்கள். பந்தை அடித்துக் கொடுக்க அந்த இடத்தில் ஒருவருமே இல்லை! வேறு வழியில்லாமல் ஒவ்வொருத்தியும் தானே கொண்டு ஓடியிருக்கிறாள். அன்றைக்கு ஆட்டம் சமன். அந்தப் பிள்ளை சுகமாகி வந்த பிறகும் டீச்சர் அவளை உன் இடத்தில் விடவில்லை. பின்னுக்கு நின்று தடுக்க விட்டுவிட்டா. அதற்குப் பிறகு ஒரு போட்டியும் தோற்கவில்லை.

சனிக்கிழமை லோஞ்சை என்னோடு வேலை செய்கிற பொடியனிடம் கொடுத்துவிட்டு நானும் முற்றவெளிக்குப் போனேன். ஓம், நான்தான்! திடலோரம் எப்போதும் மேய்கிற மான்களுக்குப் பக்கத்தில், ஒருவரும் காணாத மூலையாகப் பார்த்து நின்றேன். ஒன்றுக்கு ஒன்று என்று இழுபட்டுக்கொண்டிருந்தது. முடியப் போகிற நேரம் லைலா பந்தைத் தடுத்தாள். கொடுக்க ஆள் தேடாமல் தானே கொண்டு முழுத் திடலும் ஓடினாள். அடித்தாள் பார், நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தேன்! மைமூனா என்னைக் கண்டுவிட்டு வந்து, இனி உங்களை ஏசமாட்டன் என்று சொல்லி, கொண்டுவந்த தொதல் இனிப்பில் ஒரு துண்டைத் தந்தா. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாயிருக்குது! நீ இல்லாமப் போனதாலதான் வெண்டவை எண்டு பெத்த பிள்ளைக்கு எழுதுற அப்பனை இப்பத்தான் பாக்கிறன்" என்றா. கிழித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் உனக்குப் பொய் எழுத மனமில்லை, மகள். நீ இல்லாமல் அவர்கள் நன்றாகத்தான் விளையாடுகிறார்கள். உன்னால் டீம் கெட்டுப்போயிற்று என்ற கவலை உனக்கு இருந்தால், அதை இன்றோடு விட்டுவிடு. பழி முழுக்க என்னுடையது. அதையும் அந்தப் பிள்ளைகள் இறக்கி வைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்டி முடிந்து லைலாவிடம் கேட்டேன், இப்படி ஓடத் தெரிந்தவள் பூரணி இருக்கும்போது ஏன் ஓடவில்லை என்று. அவள் சிரித்துவிட்டு, "அக்காட்ட பந்தக் குடுத்தா, பொறகு எங்களுக்கு ஓட மனம் வராது மாமா. அக்கா கொண்டு போற வடிவப் பாத்துட்டே நிண்டுடுவம்" என்றாள்.

நாலு வருடமாகப் பத்துப் பிள்ளைகள் தங்கள் விளையாட்டை மறந்து உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். லோஞ்சைக் கட்டிவிட்டு அந்த முற்றவெளி ஓரத்தால் எத்தனை பின்னேரம் வந்திருப்பேன்! ஒருநாள் நின்றேனா? பெற்ற நான் மட்டும் பார்க்கவில்லை, பிள்ளை.

மருமகன் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் பெட்டைகளுக்கு ஹொக்கி பழக்க ஆள் தேடுகிறார்கள் என்று அவர் எழுதியிருந்தார். இன்றைக்கே அவருக்கும் தனியாக ஒரு கடிதம் போடுகிறேன். அவர் நல்ல மனிசன், மறுக்க மாட்டார். சின்னப் பிள்ளைகளோடு என்றாலும் சரி, தோற்கிற டீம் என்றாலும் சரி, நீ ஒருநாள் திடலில் இறங்கு. எந்த நாள் என்று மட்டும் எனக்கு எழுது. அதற்கு முதல் நாள் ரயிலிலேயே வந்துவிடுவேன்.

அம்மன் உன்னையும் மருமகனையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் விளையாட்டை இன்னும் பார்க்காத அப்பா,
சோமசேகரம்