டி டிரைவில் இருந்தால் போகாது

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கடை திறக்க 9.20 ஆகிவிட்டது. கணினியைப் போட்டதும் அதே அறிவிப்பு. இந்த விண்டோஸுக்கு ஆதரவு முடிந்துவிட்டதாம், புதிய விண்டோஸுக்கு இந்தக் கணினி தகுதி இல்லையாம். ‘பிறகு நினைவூட்டு’ அழுத்தினேன். மூன்று வாரமாக அதைத்தான் அழுத்துகிறேன்.

செய்ய: பாலக்கோடு குமாருக்கு ஃபோன். டோனர். கவிக்கு ஸ்வெட்டர். தலைக்குக் குளிக்க.

பட்டா 3, வருமானச் சான்று 2, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் 1. தக்காளி மண்டிக்காரரின் அப்பா. படத்தை வட்டத்துக்குள் வைத்து, ஓரத்தில் பூ வைத்து, இருபது நிமிட வேலை. ஏப்ரலில் என் வீட்டுக்காரர் போஸ்டரையும் இதே அமைப்பில் நான்தான் அடித்தேன். தொப்பூர் இறக்கத்தில் விபத்து நடந்தது சனி, போஸ்டர் அடித்தது ஞாயிறு. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அன்றும் சரி, இன்றும் சரி.

மதியம் என்ன சாப்பிட்டேன், நினைவில்லை.

நவ. 5, புதன்

மழை இல்லை. குமார் வந்தான். மாரண்டஹள்ளிக் கடைகளுக்கெல்லாம் அவன்தான் கணினி டாக்டர். திறந்து பார்த்து, ஊதி, மூடினான்.

“அக்கா, இது தேறாதுங்க. புது மெஷின் வாங்கி ஒரிஜினல் விண்டோஸ் போட்டுடுங்க. அண்ணன் இருந்தா அதான் செஞ்சிருப்பாரு.”

அண்ணன் என்ன செய்திருப்பார் என்று இந்த ஏழு மாதத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஓசூரிலிருந்து தம்பி சரவணன் ஃபோன். அவன் நேர் எதிர். “எதுக்குக்கா புதுசு? விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடு. ஓசி. இந்தப் பழைய மெஷின்லயே ஓடும். நாளைக்கே இது செல்லாதுன்னு எவனும் வந்து நிக்கமாட்டான்.”

“போஸ்டர் அடிக்கிற சாஃப்ட்வேர்?”

“அது வராது. வேற இருக்கு, பழகிக்கணும்.”

சாயங்காலம் கவி, ஹாஸ்டலிலிருந்து. “அப்பா வீடியோ அனுப்பும்மா.” அனுப்புகிறேன் என்றேன். போன வாரமும் அதையே சொன்னேன்.

வீடியோ என்று பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குக் கடை வேலை பழக்க அவர் திரையைப் பதிவு செய்து, மேலே பேசி வைத்தது. ஒன்பது இருக்கிறது. பட்டா எடுப்பது, வில்லங்கச் சான்றுக்குப் போடுவது, பிரிண்டர் மக்கர் செய்தால் என்ன செய்வது. அவர் குரல் இருப்பது அதில் மட்டும்தான். ஏப்ரலுக்குப் பிறகு ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று பயமில்லை. ஒன்றுமே ஆகாவிட்டால்? அந்தப் பயம்தான்.

நவ. 6, வியாழன்

வெயில். சரவணன் அனுப்பியதை ஓசூர் பஸ் கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போனார். பென்டிரைவ், காலி மாத்திரை அட்டையில் சுற்றி ரப்பர் போட்டு. அதில் லினக்ஸ். எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம் என்று சரவணன் ஃபோனில் சொல்லச் சொல்லச் செய்தேன்.

வந்தது. சாம்பல் நிறத் திரை. இணையம் வந்தது. பிரிண்டரைத் தானாகவே பிடித்துக்கொண்டது. பட்டா எடுத்தேன், வந்தது. பழைய போஸ்டர் ஒன்றைத் திறந்தேன், வரவில்லை.

விண்டோஸ்: பழகியது. போஸ்டர் வரும். புது மெஷின் வேண்டும்.
லினக்ஸ்: இருப்பதிலேயே ஓடும். போஸ்டரை முதலிலிருந்து கற்க வேண்டும்.

இரண்டில் எது வந்தாலும் எனக்கு ஒன்றுதான். அப்படித்தான் எல்லாமே இருக்கிறது. புடவைக் கடையிலும் எதை எடுத்தாலும் சரி என்று இப்படித்தான் நின்றேன்.

ஆனால் அந்தச் சாம்பல் திரையில் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தேன். அதில் அவர் வைத்த முகப்புப் படம் எதுவும் இல்லை.

நவ. 7, வெள்ளி

லினக்ஸ்தான். சரவணனிடம் சொல்லிவிட்டேன்.

“ஞாயித்துக்கெழம லீவு. நானே வர்றேன். அதுவரைக்கும் தொடாதக்கா.”

மதியம் கூட்டமில்லை. டெஸ்க்டாப்பில் கிடந்ததையெல்லாம் டி டிரைவுக்கு மாற்றினேன். போஸ்டர் அமைப்புகள், ஸ்கேன், கல்யாணப் படங்கள், ஒன்பது வீடியோ. ஃபார்மேட் செய்தால் சி டிரைவ் போகும், டி டிரைவ் போகாது. இந்தப் பக்கம் கணினி வைத்திருக்கும் எல்லாருக்கும் அது தெரியும். இதே மெஷினைக் குமார் நாலு தடவை ஃபார்மேட் செய்திருக்கிறான். நாலு தடவையும் டி அப்படியே இருந்தது.

வேறு பென்டிரைவில் ஒரு பிரதி எடுக்கலாம் என்று தோன்றியது. கடையில் இருந்த ஒன்றைக் கவி கொண்டுபோய்விட்டாள். டி-யில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

நவ. 8, சனி

காலையில் விண்டோஸ் எழவே இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாசலில் ஐந்து பேர். ஒருவர் கன்னடத்தில் திட்டிக்கொண்டு நின்றார். யாராவது வரட்டும் என்று காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போயிருந்தது. சரவணன் ஷிஃப்டில், எடுக்கவில்லை. பென்டிரைவைச் செருகி நானே லினக்ஸ் போட ஆரம்பித்து, பாதியில் குமாருக்கு ஃபோன் செய்தேன்.

“டிஸ்க்கை அழிக்கவான்னு கேக்குது குமார்.”

“சி-யத்தாங்க கேக்குது. குடுங்க. டி-க்கு ஒண்ணும் ஆவாதுங்க.”

கொடுத்தேன். இருபது நிமிடம். சாம்பல் திரை வந்தது.

பிறகு வேலை ஓடியது. பட்டா, சான்று, பரீட்சை விண்ணப்பம், மொத்தம் இருபத்தாறு. போஸ்டருக்குப் புது சாஃப்ட்வேர் இறக்கினேன், கல்யாணப் பத்திரிகை ஒன்று அதிலேயே அடித்தேன். கோணலாக வந்தது, மறுபடி அடித்தேன், நன்றாக வந்தது. திட்டிய கன்னடக்காரர் போகும்போது சிரித்தார். அந்தப் பத்திரிகை யாரையும் கேட்காமல் நானே அடித்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பசித்தது. இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

நவ. 9, ஞாயிறு

சரவணன் பத்து மணிக்கு வந்தான். திரையைப் பார்த்து, “அட, நீயே போட்டுட்டியா” என்றான். டி எங்கே இருக்கிறது, காட்டு என்றேன்.

மவுஸைப் பிடித்து இரண்டு மூன்று இடத்தில் திறந்து பார்த்தான். “அக்கா, இதுல சி, டி-ன்னு கெடையாது. டிஸ்க்குன்னா முழு டிஸ்க்குதான்.”

“திரும்ப எடுக்க முடியாதா?”

“முடியலாம். பெங்களூர்ல என் ஃப்ரெண்டு இதான் பண்றான். நேத்து போட்டதுக்கப்புறம் மெஷின்ல வேலை ஏதாவது செஞ்சியா?”

இருபத்தாறு என்றேன்.

புதிதாகச் சேமிப்பதெல்லாம் பழையது இருந்த இடத்தில்தான் போய் உட்காருமாம். அவன் மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அதாவது நேற்று நான் நன்றாகச் செய்த ஒவ்வொரு வேலையும் அவர் மேல் எழுதியது.

சரவணன் அழுதான். எனக்கு வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

நவ. 12, புதன்

மேகமூட்டம். பழைய டிஸ்க் திங்களன்றே சரவணனோடு போய்விட்டது. இன்று குமார் புது டிஸ்க்கோடு வந்தான். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. “நான்தாங்க தப்பா சொல்லிட்டேன்.” பரவாயில்லை என்றேன். தப்பு என்று பார்த்தால் அழுத்திய விரல் என்னுடையது.

“இதுல அண்ணன் வச்சிருந்த மாதிரியே விண்டோஸ் போட்டுத் தர்றேங்க. காசு வேணாம்.”

வேண்டாம் என்றேன். லினக்ஸை நானே போட்டுக்கொண்டேன். அதன் மேல் எனக்குக் கோபமில்லை. அது தெளிவாகக் கேட்டது, நான் சரி என்றேன்.

கவியிடம் இன்னும் சொல்லவில்லை.

நவ. 16, ஞாயிறு

சொன்னேன். “ஒண்ணுகூடவா இல்ல?” என்றாள். பிறகு ஃபோனை வைத்துவிட்டாள்.

நவ. 22, சனி

நல்ல வெயில். கடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சரவணன் ஃபோன். பெங்களூரில் ஒரே ஒரு துண்டு கிடைத்திருக்கிறது. நாற்பது விநாடி. படம் மட்டும் தேறியது, குரல் போய்விட்டது. “பாக்குறியாக்கா? இல்ல வேணாமா?”

அனுப்பு என்றேன்.

திறந்தேன். பட்டா எடுக்கும் பக்கம். சத்தமே இல்லை. அம்புக்குறி மட்டும் நகர்கிறது. மாவட்டத்துக்குப் போகிறது, வட்டத்துக்குப் போகிறது, அவசர அவசரமாக. பட்டனைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்து அழுத்துகிறது. பஸ்ஸில் இருந்து இறங்கினாலும் வீட்டைத் தாண்டி நாலு எட்டு போய்த்தான் திரும்புவார். கிராமத்தின் பெயரில் வந்து நின்றுவிட்டது. அங்கேயே சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றியது. எனக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருக்கிறார். என்ன என்று தெரியவில்லை. அவர் கை.

அப்போதுதான் அழுதேன். சத்தமாக. உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

“என்னாச்சுங்க, தண்ணி வேணுமாங்க?”

பத்து நிமிடம் ஆகுங்க என்றேன்.